வட்டத்துக்குள் ஓர் 'அ'

"என்னங்க இது? வீட்டுச் சுவர்ல எதுக்கு பெயின்ட் அடிக்கிறீங்க?"

தையல்காரம்மா பாதி தைத்த சட்டையும் கையுமாக வாசலுக்கு ஓடி வந்தாள். அதற்குள் நகராட்சி ஊழியர் வேலையை முடித்துவிட்டார். கதவுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில், ஒரு சிவப்பு வட்டம். அதற்குள் ஓர் 'அ'.

"'அ'ன்னா அகற்றல்மா. முதல் பட்டியல்ல உங்க வீடு வருது. இந்தத் தெருவுல இது ஒண்ணுதான்."

"ஐயா, எப்போ?"

"உத்தரவு வந்ததும். விளக்கமெல்லாம் நோட்டீஸ்ல இருக்கும்."

"நோட்டீஸ் எங்கேங்க?"

"இன்னும் அச்சாகலை. எனக்கு அடிக்கத்தான் சொன்னாங்க."

எழுத்து வெட்டிய தகரத் தகட்டையும் பெயின்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அவர் சைக்கிளேறிப் போய்விட்டார்.

போன வருஷம் ஆற்றங்கரையில் 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று எழுதிப் போட்ட நாலாம் நாள் புல்டோசர் வந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். நகராட்சி பாஷையில் அகற்றல் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"யாரு வந்தது?" உள்ளே கட்டிலிலிருந்து கணவன் கேட்டான். பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து இரண்டு வருஷமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

"கொசு மருந்து அடிக்கிறவங்க."

அன்றைக்கு முழுக்க லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். இரண்டு தடவை ஊசி விரலில் ஏறியது. இந்த வீடும் போய்விட்டால் இந்த மனுஷனை எங்கே கொண்டுபோய்க் கிடத்துவது?

அழித்துவிடலாம். ஆனால் இந்தத் தெருவில் ஒன்று என்று கணக்கு வைத்திருக்கிறார்களே, ஒன்றுமே இல்லாவிட்டால் தேடி வந்து மறுபடி அடிப்பார்கள். ஒன்று இருந்தாக வேண்டும். அது இங்கே இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

எதிர் வீட்டில் வாட்ச்மேன் தனியாக இருந்தார். ராத்திரி வேலை, பகல் தூக்கம். தையல் மிஷின் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்று வாரம் ஒரு தடவையாவது வாசலில் நின்று கத்துவார். தெருவே அவரை முசுடு என்றுதான் சொல்லும்.

மறுநாள் மத்தியானம், தெரு அடங்கியிருந்த நேரத்தில் மிஷினை நிறுத்தினாள். வட்டத்தின் மேல் பழைய செய்தித்தாளை வைத்து அச்சுப் பிசகாமல் வரைந்து வெட்டினாள். சட்டைக்கு வெட்டுகிற கைக்கு இது ஒரு வேலையா? கட்டிலுக்கடியில் கணவனின் சிவப்பு பெயின்ட் இன்னும் காயாமல் இருந்தது.

"டப்பா எதுக்கு?"

"தாழ்ப்பாள் துருப்பிடிச்சிருக்கு. நீங்க தூங்குங்க."

ஐந்து நிமிஷம். 'அ' எதிர் வீட்டுச் சுவருக்குக் குடிபோய்விட்டது. தன் சுவரைத் தின்னர் ஊற்றித் துடைத்தாள். செய்தது பாவம் என்று மனசு குத்திற்று. குத்தட்டும் என்று மறுபடி மிஷினை மிதித்தாள்.

அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலையில் ஆற்றின் கரை உடைந்தது.

தெருவில் முழங்காலளவு தண்ணீர் அரை மணியில் இடுப்புக்கு வந்தது. கட்டிலை மேஜை மேல் ஏற்ற அவளால் ஆகவில்லை. அதன் கால்களுக்குச் செங்கல் கொடுத்துப் பார்த்தாள். கட்டில் சட்டத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது.

"நீ மாடிக்குப் போயிடு," என்றான் அவன்.

"பேசாம இருங்க."

"சொன்னா கேளு. ரெண்டு பேரும் போக வேண்டாம்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மழை இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அப்போதுதான் தெருமுனையில் ரப்பர் படகு தெரிந்தது. ஒலிபெருக்கியில் யாரோ பேசினார்கள்.

"'அ' போட்ட வீட்டுக்கு முதல்ல விடு. அங்கேதான் நடக்க முடியாதவங்க இருக்காங்க. அவங்களை அகற்றிட்டுத்தான் மத்தவங்க. மத்த எல்லாரும் மாடிக்குப் போங்க, அடுத்த நடையில வர்றோம்."

வீட்டை அகற்றுவது இல்லை. ஆளை அகற்றுவது. படகு அவள் வாசலைத் தாண்டி எதிர் வீட்டுக்குப் போனது. தன் கையாலேயே புருஷனைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டாள்.

எதிர் வாசலில் வாட்ச்மேன் மார்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"இங்கே இல்லை. எதிர் வீடு. கட்டில்ல ஒருத்தர் கிடக்காரு, சீக்கிரம் போங்க."

"உங்க சுவர்லதானே போட்டிருக்கு?"

"தப்பா போட்டுட்டாங்க. நின்னு பேசுற நேரமா இது?"

அவரும் படகைப் பிடித்துக்கொண்டே கூட வந்தார். கட்டில் முழுகுவதற்குள் போர்வையோடு அவனைத் தூக்கிப் படகில் போட்டார்கள். கால் பக்கம் பிடித்தது வாட்ச்மேன்.

படகில் உட்கார்ந்ததும் அவள் கணவனின் போர்வையை இழுத்துச் சுற்றினாள். எதிரே உட்கார்ந்த வாட்ச்மேன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணே... அதை நகராட்சி தப்பா போடலை. நான்தான்..."

"தெரியும். உன் மிஷின் நின்னா எனக்கு முழிப்பு வந்துடும். ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்புறம் ஏண்ணே அழிக்காம விட்டீங்க?"

அவர் பனியனைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "வீட்டை இடிக்க வர்றாங்கன்னுதான் நானும் நினைச்சேன். என் வீடு போனா ஏதாவது ஒரு கேட்டுக்குப் பக்கத்துல படுத்துக்குவேன். அவரைத் தூக்கிக்கிட்டு நீ எங்கேம்மா போவே?"