சொல்லாமல் விழுந்த கூரை

“விழறதுக்கு முன்னாடி கண்ணாடி உடைஞ்சிருந்துச்சா சார்?”

கேட்டவன் பேராசிரியரின் பழைய மாணவன். இப்போது அரசுப் பொறியாளர். கூரை ஏன் விழுந்தது என்று அறிக்கை எழுத வந்திருந்தான். ஆனாலும் பழைய பயம் போகாமல் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தான்.

“உடையல. முந்தின நாள்கூட டார்ச் அடிச்சுப் பார்த்தேன். முழுசா இருந்துச்சு.”

கூடத்துக்கு அடுத்த அறைக்கு இப்போது கூரை இல்லை. வாசலில் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே கம்பியும் கல்லுமாகக் கிடந்த குவியல்மேல் வெயில் நேராக அடித்தது. போன வாரம் அங்கே ஒரு கட்டில் இருந்தது. ஆபரேஷன் முடிந்து ஓய்வெடுக்க வந்த அவருடைய ஒரே மகள் அதில் படுத்திருந்தாள். அவளைப் பிணமாகத்தான் வெளியே எடுத்தார்கள்.

முப்பது வருஷமாக அவருக்குக் காங்கிரீட்தான் உலகம். ஆய்வுக்கூடத்தில் உத்தரங்களின்மேல் சுமையை ஏற்றிக்கொண்டே போய், உடைவதற்கு முன்னால் அவை எங்கே விரிசல் விடுகின்றன, எவ்வளவு தொங்குகின்றன என்று பார்ப்பார். முனைவர் பட்டம், புத்தகங்கள், பேர், புகழ் எல்லாம் அதில் வந்தவைதான். வகுப்பின் முதல் நாளே சொல்லிவிடுவார்: “ஒழுங்கா கம்பி போட்ட காங்கிரீட் சொல்லாம விழாது. நாமதான் காது குடுத்துக் கேக்கணும்.”

பதில் தெரியாமல் விழிப்பவனுக்கு அவர் விடும் டோஸில் மாணவர்கள் வெலவெலத்துப் போவார்கள். காங்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்க்கும் இயந்திரம் ஒன்று ஆய்வுக்கூடத்தில் உண்டு. அதை ‘நொறுக்கி’ என்பார்கள். அந்தப் பெயரை அவருக்கும் சேர்த்து வைத்துவிட்டார்கள். வீட்டிலும் நொறுக்கி நொறுக்கிதான். சமையலறையில் ஒரு டம்ளர் கைதவறி விழுந்தால், கூடத்திலிருந்து அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

கூடத்துக்கு அடுத்த அந்த அறையின் உத்தரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்ததும், அதற்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டினார். விரிசல் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்தால் அறையைக் காலி செய்துவிட வேண்டியதுதான். மாணவர்களுக்கு இதை ஒரு முழு வகுப்பு விளக்கியிருக்கிறார். வீட்டில் சொன்னது ஒரே வரி.

“இதுமேல யார் கையாவது பட்டுச்சு, தொலைச்சுடுவேன்.”

மருமகனுக்கு அந்த அறை பிடிக்கவில்லை. கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிவிடலாமா என்று மென்று விழுங்கிக் கேட்டான். பேராசிரியருக்குச் சுருக்கென்றது. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், டார்ச் அடித்துக் காட்டி, கண்ணாடி முழுசாக இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். இருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். கதவோரம் நின்ற பேராசிரியரின் மனைவிகூட அப்போதுதான் மூச்சு விட்டாள்.

எல்லாம் முடிந்த பிறகும் அவன் சண்டை போடவில்லை. கிளம்பும்போது, “கண்ணாடி உடையலையே மாமா,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

பொறியாளர் எழுதியதைத் தயங்கியபடி வாசித்துக் காட்டினான். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடைந்திருக்கும். உடையவில்லை. ஆகவே கூரை எந்த முன்னறிவிப்பும் இன்றி விழுந்திருக்கிறது. சமையலறை வாசலில் தண்ணீரோடு வந்த மனைவி அங்கேயே நின்றுவிட்டாள்.

“இன்னொண்ணும் எழுதிக்கோ,” என்றார் பேராசிரியர். “நான் முப்பது வருஷமா சொல்லிக்குடுத்தது பொய்.”

“சார், வேண்டாம் சார்.”

“எழுதுய்யா. எம்பொண்ணுகிட்ட அது ஒரு வார்த்தை சொல்லல.”

நொறுக்கி அழுது அவன் பார்த்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான்.

மனைவி வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மகள் போனதிலிருந்து அவள் யாரோடும் பேசியிருக்கவில்லை.

“என்னங்க, கோபப்படாம கேப்பீங்களா?”

அவர் தலையசைத்தார். கோபப்பட அவரிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை.

“ஒட்டடை அடிச்சிட்டு நிமிர்ந்து பாப்பேன், அந்தக் கண்ணாடி உடைஞ்சிருக்கும். என் கம்பு பட்டுத்தான்னு நெனைச்சேன். எதுக்கு ஒட்டியிருக்கீங்கன்னு கேக்கவும் பயம். நீங்க காலேஜ் கெளம்பினதும், படத்துக்கு ஃப்ரேம் போடற கடையில அதே மாதிரி ஒண்ணு வெட்டி வாங்கிட்டு வந்து ஒட்டிடுவேன்.”

அவர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார்.

“அது சொல்லிச்சுங்க,” என்றாள். “மூணு தடவை சொல்லிச்சு.”