இதைவிடச் சத்தமா இருக்கா?

"இதைவிடச் சத்தமா அரைக்கிறது ஏதாவது இருக்காம்மா?"

கடலூர் மஞ்சக்குப்பத்துல அந்தக் காபி மெஷின் கடையில, முதல்ல ஓட்டிக் காட்டின கிரைண்டரைப் பார்த்துட்டு என் பொண்டாட்டி சரண்யா இப்படிக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.

கடைக்காரப் பொண்ணு இளவரசி திருதிருன்னு முழிச்சா.

"அக்கா, எல்லாரும் சத்தம் கம்மியாத்தானே கேப்பாங்க?"

"அவ சும்மா விளையாடுறாம்மா"ன்னேன். அவ விளையாடலன்னு எனக்கே தெரியும்.

மச்சான் துபாய்லேருந்து எஸ்பிரசோ மெஷின் கொண்டாந்து குடுத்தாலும் குடுத்தாரு, எனக்குக் காபிப் பைத்தியம் புடிச்சுப் போச்சு. ஆனா கொட்டையை மிக்சியில அரைச்சா பாதி மாவு, பாதி நொய். ஒரு நாள் காபி பிச்சுக்கிட்டு ஊத்தும், ஒரு நாள் சொட்டுக்கூட இறங்காது. அதான் காபிக்குன்னே ஒரு கிரைண்டர் வாங்கணும்னு சிதம்பரத்துலேருந்து பஸ் ஏறி வந்திருந்தோம்.

இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்து வீட்டு நடனசபாபதி மாமா.

ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தைச் சுவர். காலையில எங்க மிக்சி 'கர்ர்'ருன்னா போதும், குளிச்சு, நெத்தி நிறைய விபூதியோட வாசல்ல வந்து நிப்பாரு.

"ஏண்டா ஹரிஷு, இது வீடா, ரைஸ் மில்லா? மனுஷன் தூங்க வேணாமா?"

சரண்யா உடனே அடுப்படிக்குப் போவா. அவரு வாயை அடைக்கிற மாதிரி ஒரு டம்ளர் காபியை நீட்டுவா. மாமாவும் உக்காந்து, ஊர்ல உள்ள சத்தத்தையெல்லாம் ஒரு பாட்டம் திட்டி முடிச்சு, "சர்க்கரை ஜாஸ்தி"ன்னு ஒரு குறையும் சொல்லிட்டுத்தான் கிளம்புவாரு. போன வருஷம் அவரு சம்சாரம் தவறினதுலேருந்தே மனுஷனுக்குக் கோவம் ஜாஸ்தி. ஒரு நாளாவது அவர்கிட்ட திட்டு வாங்காம காபி குடிக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை.

இளவரசி கையால சுத்துற கிரைண்டரை எடுத்து வெச்சா.

"சார், இதுல அரைச்சா பக்கத்துல படுத்திருக்கிற பூனைகூட எழுந்துக்காது."

"அது! அதைத்தான் தேடி வந்தேன்!" நான் குதிச்சேன்.

"வேணாம். கரண்டுல ஓடுறது காட்டு"ன்னா சரண்யா.

அடுத்தது லேசா முனகிச்சு. உதட்டைப் பிதுக்கினா. அதுக்கடுத்ததை இளவரசி போட்டதும் 'டர்ர்ர்ர்'ருன்னு கடையே அதிர்ந்துது. கல்லாவுல இருந்தவரு எழுந்தே நின்னுட்டாரு.

சரண்யா மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம். "இதான்! இதையே கட்டு."

அவளைத் தனியா இழுத்தேன். "ஏண்டி, வயசான மனுஷன்கிட்ட உனக்கு என்னடி இவ்வளவு வீம்பு?"

"வீம்புதான். வெச்சுக்குங்களேன்."

இப்படியும் ஒரு கல்நெஞ்சுக்காரியான்னு இருந்துது.

"அரைக்கிறதுல இதுவும் சூப்பர் சார்"னு இளவரசி நடுவுல புகுந்தா. "உள்ள ரெண்டு இரும்புப் பல்லு. தூள் ஒரே சீரா விழும். எவ்வளவு நைசு வேணுமோ திருகி வெச்சுக்கலாம்."

அதைக் கேட்டதும் பாழாய்ப்போன என் மனசு குளிர்ந்து போச்சு. தூளை அமுக்குற டாம்பர், சின்னத் தராசு, கட்டி உடைக்கிற ஊசின்னு கண்ணுல பட்டதையெல்லாம் அள்ளிக்கிட்டேன். பஸ்ல வர்றப்போ பெட்டியை மடியை விட்டு இறக்கவே இல்லை.

மறுநாள் விடிஞ்சதும் விடியாததுமா கொட்டையை நிறுத்துப் போட்டு பட்டனை அழுத்தினேன். டர்ர்ர்ர்! பொடி உப்பு கணக்கா தூள் கொட்டுச்சு. அமுக்கி, மெஷின்ல மாட்டினேன். தேன் வழியிற மாதிரி மெல்லிசா இறங்கிச்சு பாருங்க, மேல பொன்னாட்டம் நுரை!

"வந்துருச்சு! சரண்யா, வந்துருச்சுடி!"

வந்தது காபி மட்டும் இல்லை.

"ஏண்டா டேய், இப்ப ரோடு ரோலர் வாங்கியிருக்கீங்களா?" வாசல்ல விபூதியோட மாமா.

சரண்யா சிரிச்சுக்கிட்டே அந்த டிகாஷன்ல பாலை ஊத்தி நீட்டினா. ஒரு வாய் குடிச்சாரு. புருவம் மேல ஏறுச்சு. "ம்... பரவால்ல"ன்னாரு.

எனக்குத்தான் மனசு கேக்கலை. "மன்னிச்சுக்குங்க மாமா. நாளைக்கே கடலூர் போயி இதை மாத்திடுறேன். சத்தமே வராதது ஒண்ணு இருக்கு. இனிமே நீங்க நிம்மதியா தூங்கலாம். காலங்காத்தால இங்க வர்ற வேலையே இல்லை."

வாய்க்குப் போன டம்ளர் பாதியில நின்னுது.

"சத்தமே வராதா?"

"சுத்தமா வராது மாமா!"

"ஓ..."ன்னாரு. அப்புறம் திட்டவே இல்லை. டம்ளரையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

சரண்யா என் சட்டையைப் புடிச்சு அடுப்படிக்கு இழுத்துட்டுப் போனா.

"கொஞ்சமாவது கூறு இருக்கா உங்களுக்கு? தூங்கிட்டிருந்த மனுஷன் குளிச்சு விபூதி பூசிக்கிட்டா வருவாரு? மிக்சி ரிப்பேராக் கெடந்தப்போ அவரு இந்தப் பக்கமே வரலை. நானே போயி, 'காபி குடிக்க வாங்க மாமா'ன்னு கூப்பிட்டேன். 'அடுத்த வீட்டுக் காபிக்கு அலையிற நிலைமைக்கு நான் வந்துடலம்மா'ன்னு கதவைச் சாத்திட்டாரு."

கண்ணைத் தொடைச்சுக்கிட்டா.

"காபி குடிக்கக் கூப்பிட்டா வர மாட்டாருங்க. திட்டணும்னாதான் வருவாரு."