கழுவாமல் வந்த டப்பா

சோறே தின்னாத மனுஷனுக்குச் சர்க்கரை ஏறுமா? நீங்களே சொல்லுங்கள்.

வீரம்மாவுக்கு அதுதான் விளங்கவில்லை. புருஷன் மகேந்திரனுக்காக வீட்டில் அரிசியையே ஒழித்துக் கட்டியிருந்தாள். மூன்று வேளையும் முட்டை, கங்கோங் கீரை, பொரித்த மீன். அப்படியும் காலையில் விரலைக் குத்திப் பார்த்தால், ஏழுக்குள் நிற்க வேண்டிய சர்க்கரை பதினாலு, பதினைந்து. வீட்டில் காலையும் ராத்திரியும் போடும் இன்சுலின் ஊசியின் அளவை ஈப்போ கிளினிக்கில் இரண்டு தடவை கூட்டிவிட்டார்கள். இனியும் இறங்காவிட்டால் காலுக்கு ஆபத்து என்றாள் நர்ஸ். ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டிய தன் அப்பாவுக்கு இதே சர்க்கரையால் இரண்டு காலும் போனதைப் பார்த்தவள் வீரம்மா.

அன்று பாத்திரம் விளக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேலைக்குக் கட்டிக்கொடுக்கும் டப்பா தினமும் கழுவித் துடைத்து வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு கிளாஸைக்கூடக் கழுவாத மனுஷன்!

மத்தியானமே சிம்பாங் பூலாய்க்குப் பஸ் ஏறினாள். மகேந்திரன் காவலுக்கு நிற்கும் ஃபேக்டரிக்கு எதிரே ஜைனுலாப்தீனின் நாசி கண்டார் சோற்றுக்கடை.

"பாய், எங்க வீட்டுக்காரரு சாப்பாடு இங்கதான் மக்கானா?"

ஜைனுலாப்தீன் கரண்டியைக் கீழே வைத்தார். "அண்ணே சொல்ல வேணாம்னாருக்கா..."

"என்ன திங்கிறாரு?"

"சோறுதான். மலை மாதிரி. குழம்பு வெள்ளமா ஊத்தணும். முடிச்சிட்டு இனிப்புத் தூக்கலா ஆத்துன பால் டீ, தே தாரிக்."

"நான் கட்டிக் குடுக்கிற முட்டை?"

"பின்னால பூனை திங்குதுலா."

வீரம்மா அங்கேயே அழுதுவிட்டாள். "எங்கப்பாவுக்கு ரெண்டு காலும் போச்சு பாய். இவருக்கும் போகணுமா? உங்கள என் தம்பியா நெனச்சிக் கேக்குறேன்."

"அழாதீங்கக்கா. அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன், இனிமே ஒரு பருக்கை போட மாட்டேன். பக்கத்துக் கடையிலயும் சொல்லி வைக்கிறேன்."

மறுநாள் சாயங்காலம் டப்பா கழுவாமல் வந்தது. உள்ளே மீன் முள், எண்ணெய்ப் பிசுக்கு. வீரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மகேந்திரன் நாற்காலியில் சாய்ந்தார். சட்டையெல்லாம் வேர்வை. "இப்பத் திருப்தியா ஒனக்கு? பாய் என்னைப் பார்த்ததும் அடுப்படிக்குள்ள ஓடுறான்."

"ஓடட்டும்லா. காலு இருக்கிறவங்க ஓடத்தான் செய்வாங்க."

"கை நடுங்குது புள்ள. ஒரு கைப்பிடி சோறு போடு. இல்லாட்டி சீனி போட்டு ஒரு தே ஓ குடு."

"கஞ்சாக்காரனுக்கும் நிறுத்துனா இப்படித்தான் நடுங்கும். ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்."

முட்டையும் கீரையும் வைத்தாள். அவர் பாதியிலேயே கையை உதறிவிட்டு எழுந்தார். படுக்கும் முன் ஊசியை அவளே போட்டாள், கிளினிக்கில் கூட்டிக் கொடுத்த அதே அளவு. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை, அவர் எழுவதற்கு முன்பே விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை இறங்கியிருந்தது. மிஷின் எண்ணே காட்டாத அளவுக்கு இறங்கியிருந்தது. விரல் சில்லென்றிருந்தது. உலுக்கியும் அவர் கண் திறக்கவில்லை.

ஆம்புலன்ஸில் வந்த தமிழர் ஊசி மருந்தின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "இவ்ளோ ஊசி போட்டுட்டு, சோறு போடலையாக்கா?" என்றார்.