முகப்பரு மாத்திரை

அமெரிக்காவில் படிக்கும் தம்பி சீனியிடமிருந்து கடிதம் வந்தால், அதை யார் யார் எங்கே உட்கார்ந்து கேட்டார்கள் என்று பதிலில் எழுதுவது சதாசிவத்தின் வழக்கம். அன்று புந்தோங் ஊரிலுள்ள வீட்டில், கடிதத்தை வாசிக்கும் அவர் நாற்காலியில்; மனைவி மங்களம் தையல் மிஷினில்; தங்கை நவமணி ஜன்னலோரம்.

"நவமணியின் பருவுக்குக் கேட்ட மாத்திரையை இத்தோடு வைத்திருக்கிறேன். வைட்டமின் ஏ வகை. வயிற்றுப் பிள்ளைக்கு இதயம் உருவாக அந்தச் சத்து அளவோடு வேண்டும். மிஞ்சினால் இதயமே கோளாறாகும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது" என்று எழுதியிருந்தான் சீனி.

"அடுத்த மாசம் பொண்ணு பாக்க வராங்க. இன்னிக்கே ஆரம்பிச்சிடுலா," என்றாள் மங்களம்.

"எனக்கு வேணாம் அண்ணி. திருப்பி அனுப்பிடுங்க."

"நீதானே கேட்ட?"

நவமணி தலை குனிந்தாள். சதாசிவம் கடிதத்தின் கடைசி வரியை மறுபடி பார்த்தார்.

"ஏம்மா வேணாங்கற? எதுவா இருந்தாலும் அண்ணன்கிட்ட சொல்லு."

"எனக்கு வாங்குற பவுடர், கிரீம் எல்லாத்தையும் அண்ணியும் போட்டுப் பாப்பாங்க. இதையும் ஒண்ணு முழுங்கிட்டா?"

"முழுங்கினா என்னா?" என்றார் சதாசிவம்.

"மூணு நாளா அண்ணி கோப்பி வாசத்துக்கே குமட்டிப் பின்பக்கம் ஓடுறாங்கண்ணே."

மங்களம் மிஷினை நிறுத்தினாள். "நாள் தள்ளித்தான் போச்சு. ஒம்பது வருசமா ஏமாந்தவ, இதுவும் இருக்காதுன்னு நெனச்சேன்."

"பரு இருந்தா இருக்கட்டும்லா," என்றாள் நவமணி.

சதாசிவம் பதில் எழுத உட்கார்ந்தார். 'உன் கடிதத்தைக் கேட்டவர்கள் மூன்று பேர்' என்பதை அடித்துவிட்டு, 'நான்கு பேர். நான்காவது ஆள் மங்களத்தோடு தையல் மிஷினில்' என்று திருத்தினார். மாத்திரையையும் உள்ளே வைத்து உறையை ஒட்டி, அன்றே தபாலில் சேர்த்தார்.