தெருமுனையில் டக் டக்

ஞானதுரையின் பழைய குட்டிக் கார் எந்த முனையில் திரும்பினாலும் முன்சக்கரத்துக்குள் யாரோ உட்கார்ந்து பாக்கு வெட்டுவதுபோல டக் டக்கென்று சத்தம் வரும். மச்சினன் ஜெபராஜ் வீட்டுக்கு எப்போது போனாலும் கதவில் பூட்டுத் தொங்கும். "அவன் எங்க வீடு தங்குதான்?" என்று மனைவி எஸ்தர் வேறெங்கோ பார்த்தபடி சொல்வாள்.

முன்சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் இரண்டும் தேய்ந்ததால்தான் அந்தச் சத்தம் என்று ஞானதுரை தானாகவே கண்டுபிடித்தார். வீட்டு வாசலில் ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கி, அடியில் படுத்து, கிரீஸில் குளித்து, ஒரு வாரம் மல்லுக்கட்டிப் புதியதை மாட்டினார். மாட்டிய கையோடு ஜெபராஜிடம் சொல்லக் கிளம்பினார்.

கார் பூனைபோலத் தெருவுக்குள் திரும்பியது. கதவு விரியத் திறந்திருந்தது. குடும்பமே உட்கார்ந்து பிரியாணி தின்றுகொண்டிருந்தது. ஜன்னல் கட்டையில் பூட்டு, சாவியோடு தயாராக இருந்தது.

வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு ஜெபராஜ் எழுந்தான். "வாங்கத்தான். சத்தமே கேக்கலியே?"

அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது. ஞானதுரை ஜாக்கியிலிருந்து ஆரம்பித்தார். பிரியாணி ஆறியது. சாயந்தரக் காப்பியும் ஆறியது. அவர் ஒருவழியாகக் காரில் ஏறி இன்ஜினைக் கிளப்பியபோது, ஜெபராஜ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்.

"அந்தப் பழைய ஷாஃப்டைத் தூக்கிப் போட்டுட்டீங்களா அத்தான்?"

ஞானதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் காரைப் பற்றி ஒரு மனிதன் இவ்வளவு அக்கறையாகக் கேட்பது இதுதான் முதல் தடவை. இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடியும் இறங்கினார்.