பத்தாம் நம்பர் ஸ்பேனர்

எங்கள் ஏரிக்கரை விமான ஷெட்டில் ஒவ்வொரு கருவியின் உருவமும் சுவர்ப்பலகையில் சிவப்பாக வரைந்திருக்கும். வேலை முடிந்ததும் எல்லாம் அதனதன் இடத்தில் தொங்க வேண்டும். எங்காவது சிவப்பு தெரிந்தால் அந்தக் கருவி இன்ஜினுக்குள் தங்கியிருக்கலாம்; விமானம் வெளியே போகாது.

தௌனோவின் சின்ன விமானம் போன அன்று பலகை நிறைந்திருந்தது. நானும் கூட வேலைபார்க்கும் ஹில்க்காவும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினோம். ஏரிக்கு மேலே இன்ஜின் நின்றது. விமானத்தோடு தௌனோவும் மூழ்கிப்போனான். பிறகு இன்ஜினைத் தூக்கியபோது எங்கள் பத்தாம் நம்பர் ஸ்பேனர் அதில் சிக்கியிருந்தது. அதன் பிடியில் நான் அரத்தால் போட்ட வெட்டு இருந்தது. விசாரணைக்காரர்கள் அதைக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆனால் இங்கே பலகையிலும் பத்தாம் நம்பர் தொங்குகிறது. அதே பிடி, அதே வெட்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. கீழே காபி டப்பா ஒன்றை வைத்திருக்கிறோம். நிறைந்தால் யாராவது கொட்டுவோம். அதைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்துவிட்டது.

இன்று வேய்க்கோவின் விமானம். அவன் வெளியிலிருந்து கத்தினான்.

"என்ன, ரெண்டு பேரும் அடைகாக்குறீங்களா? வீட்ல சூடேத்தி வெச்ச சௌனாக் குளியலறை ஆறிப்போகுதுப்பா!"

ஹில்க்கா பலகையைப் பார்த்தாள். "எல்லாம் இருக்கு. அனுப்பிடட்டுமா? இடுப்பு விட்டுப்போச்சு எனக்கு."

நானும் பார்த்தேன். ஒரு சிவப்பும் இல்லை. "அனுப்பு," என்றேன்.

அவள் போனதும் டப்பாவைக் கொட்டக் குனிந்தேன். சற்றுத் தள்ளித் தரையில் இன்னொரு ஈரம். நிமிர்ந்து பார்த்தேன். பலகையில் தொங்கிய ஸ்க்ரூடிரைவரின் நுனியிலும் ஒரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

இன்ஜின் சத்தம் அதற்குள் ஏரிப்பக்கம் போய்விட்டது.