நின்று நின்று நடப்பவர்

"நேத்து ஜவுளிக் கடை வாசல்ல, கண்ணாடிக்குள்ள இருக்கிற பொம்பளை பொம்மையை முழுசா ரெண்டு நிமிஷம் பாத்துட்டு நின்னார் டாக்டர்!"

தையல்கடைக்கார அம்மாள் நாற்காலியில் உட்காருவதற்குள் புகாரை ஆரம்பித்துவிட்டார். அவருடைய கணவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பரிசோதனைக் கட்டிலில் ஒன்றும் தெரியாத பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

"அதையாவது விடுங்க. முந்தாநாள் சவப்பெட்டிக் கடை! அங்க என்ன வேடிக்கை?"

"தினமும் இப்படியா?" என்றார் டாக்டர்.

"தினமும்தான். சாயங்காலம் வாக்கிங் கிளம்பினா முன்னால விறுவிறுன்னு போவார். திடீர்னு என்னைத் திரும்பிப் பாப்பார், உடனே ஏதாவது ஒரு கடை வாசல்ல நங்கூரம் போட்டுடுவார். முப்பது வருஷம் பஸ் ஓட்டின புத்தி, நாலு கடைக்கு ஒரு ஸ்டாப்பிங்!"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு டிரைவர் பக்கம் திரும்பினார்.

"வலி எங்க சார்?"

"வலது கெண்டைக்கால்ல டாக்டர். ஒரு தெரு நடந்தா இறுக்கிப் பிடிக்கும். ரெண்டு நிமிஷம் நின்னா விட்டுடும்." பாடம் ஒப்பிப்பதுபோல் கடகடவென்று சொன்னார்.

டாக்டரின் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பும் போய்விட்டது. "கால் ரத்தக்குழாய்ல அடைப்பு இருந்தா இப்படித்தான் இருக்கும். அது காலோட போற சமாச்சாரம் இல்ல. கவனிக்காம விட்டா நாளைக்கு மாரடைப்பு, பக்கவாதம்னு கொண்டுபோய் விடும். இப்பவே கண்டுபிடிச்சா மாத்திரை, முறையான நடைப்பயிற்சின்னு சமாளிச்சுடலாம்."

அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருடம் சண்டை போட்ட மனுஷனை இழந்துவிடுவோமோ என்று உண்மையாகவே பயந்துபோனார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா பாருங்க! ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே மாட்டேன்னு இருந்தவ நான். இவருக்காகத்தான் கடையைப் பூட்டிட்டு வந்தேன்."

டாக்டர் இரண்டு கைகளிலும், பிறகு இரண்டு கணுக்கால்களிலும் பட்டை கட்டி ரத்த அழுத்தத்தை அளந்தார். குறித்துக்கொண்டார். சந்தேகம் தீராமல் மறுபடியும் அளந்தார்.

"சார், உங்க கால்ல ரத்தம் ஜம்முனு ஓடுது. அடைப்போட அறிகுறியே இல்ல. அப்புறம் எதுக்குக் கடை கடையா நிக்கிறீங்க?"

"அப்போ இத்தனை நாளும் நடிப்பா?" அம்மாளின் பயம் ஒரே நொடியில் கோபமாகிவிட்டது.

டிரைவர் கட்டிலைவிட்டு இறங்கினார். கசங்கிய விரிப்பைக் கையால் நீவிவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்து மெல்ல அதில் உட்கார வைத்தார்.

"கால் வலிக்குதுன்னு இவ வாயே திறக்க மாட்டா டாக்டர், அதான் நான் நிக்கிறேன்."